லாட்ஜ் நோட்டில் இல்லாதவர்கள்

1

2019ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் பதிவான உள்நாட்டுச் சுற்றுலா வருகைகள் 49.49 கோடி. ஒன்றிய சுற்றுலா அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பில் இருக்கும் எண் இது. 53.59 கோடியோடு உத்தரப் பிரதேசம் அந்த ஆண்டு முதலிடம், நாம் இரண்டாமிடம். அதற்கு முந்தைய ஆண்டு 38.59 கோடியோடு நாம்தான் முதலிடம். செய்தித்தாளில் இந்த எண் வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு கோபுரப் படம் இருக்கும். நாமும் படித்துவிட்டு, "பரவால்லயே நம்மூரு" என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

அப்படிப் போகாமல், ஒரு கவிதையை வாசிப்பதுபோல அந்த எண்ணின் முன்னால் நின்று வாசித்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. யார் சொல்கிறார்கள், எங்கே நின்றுகொண்டு சொல்கிறார்கள், யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள்? இலக்கியத்தில் நாம் பழகிய கேள்விகள்தான். அரசாங்க எண்ணுக்கும் இவை பொருந்தும். எங்கே கழிப்பறை கட்டுவது, எங்கே பார்க்கிங், எந்த ஊருக்கு விடுதி, எந்த ஊருக்கு ஒன்றுமே வேண்டாம் என்பதெல்லாம் கடைசியில் இப்படிப்பட்ட எண்களிலிருந்துதான் முடிவாகிறது.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். 49.49 கோடியை அதால் வகுத்தால் தலைக்கு ஏறக்குறைய ஏழு. வெளிமாநிலத்திலிருந்து வருபவர்களும் இதில் உண்டு என்றாலும், ஒரு நாளைக்கு 13.5 லட்சம் வருகைகள் என்பது கொஞ்ச நஞ்சமில்லை. சரி, இவை வருகைகள், ஆட்கள் இல்லை. மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஒரு செயலியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒரு எண். எத்தனை முறை திறந்தார்கள் என்பது வேறு எண். முதலீட்டாளரிடம் காட்டும் படத்தில் எப்போதும் பெரிய எண்தான் போகும்.

வெளிநாட்டுப் பயணிகள் கணக்கில் இந்த வித்தியாசம் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 1.09 கோடி. இது குடியேற்றப் பிரிவின் முத்திரையிலிருந்து வரும் எண். அதே ஆண்டு எல்லா மாநிலங்களும் தத்தம் கணக்கில் காட்டிய வெளிநாட்டு வருகைகளைக் கூட்டினால் 3.14 கோடி. அதில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 68.66 லட்சம். சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை என்று சுற்றும் ஒரு பிரெஞ்சுக்காரர் நான்கு விடுதிகளில் நான்கு பேராகிறார். இதில் பொய் ஒன்றும் இல்லை. என்ன எண்ணினோம் என்று சொல்லிவிட்டு எண்ணினால் சரி. சொல்லாமல் எண்ணும்போதுதான் வில்லங்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018இலிருந்து 2019க்குள் உள்நாட்டு வருகை கிட்டத்தட்ட 10.9 கோடி கூடியிருக்கிறது. ஒரே ஆண்டில் 28 சதவீதம். காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 40 ஆண்டுக்குப் பிறகு குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் காட்சி தந்த ஆண்டு அது. சுமார் 1 கோடிப் பேர் தரிசித்ததாகச் சொன்னார்கள். அதைக் கழித்தாலும் மீதி ஏறக்குறைய 10 கோடி இருக்கிறது. அந்த ஆண்டு பஸ் 28 சதவீதம் கூடியதா? தண்ணீர்? குப்பை லாரி? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சக்தி அந்த எண்ணுக்கு இல்லை. அது எத்தனை என்று மட்டும் சொல்லும். ஏன், எப்படி, யாரோடு, என்ன பாடு பட்டு என்று சொல்லாது.

2

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? மாநிலச் சுற்றுலாத் துறைகள் முக்கியமாகத் தங்கும் விடுதிகளிடமிருந்து மாதாமாதம் கணக்கு வாங்கித் தொகுத்து அமைச்சகத்துக்கு அனுப்புகின்றன. அதாவது அடிப்படைச் சான்று லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கும் நோட்டுப் புத்தகம். பெயர், ஊர், எத்தனை பேர், எங்கிருந்து வருகிறீர்கள், கையெழுத்து.

அந்த நோட்டை வைத்துக்கொண்டு திருப்பூரைப் பாருங்கள். ஐ.நா. 2008இல் வகுத்த பரிந்துரைகளின்படி, தன் வழக்கமான வாழ்விடச் சூழலை விட்டு, ஓராண்டுக்கும் குறைவாக, போகும் இடத்தில் வேலைக்கு அமர்வதைத் தவிர வேறு எந்த நோக்கத்துக்காகப் போனாலும் அவர் வருகையாளர். ஓர் இரவாவது தங்கினால் சுற்றுலாப் பயணி. அன்றைக்கே திரும்பினால் ஒருநாள் வருகையாளர். வியாபாரம், கல்யாணம், வைத்தியம், கோயில் எல்லாமே இதில் அடக்கம். பூங்காவில் செல்ஃபி எடுப்பவர் மட்டும்தான் சுற்றுலாப் பயணி என்ற நம் எண்ணத்தைவிட இந்த வரையறை எவ்வளவோ விசாலமானது.

இதன்படி, வெளிநாட்டு பையர் சார்பாக டி-சர்ட் லாட்டைச் சரிபார்க்க வந்து அவினாசி ரோட்டு ஓட்டலில் இரண்டு ராத்திரி தங்குபவர் சுற்றுலாப் பயணி. அவர் நோட்டில் இருப்பார். காங்கயம் ரோட்டில் எங்கள் நல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பி, உடுமலைக்குத் தெற்கே திருமூர்த்தி மலை போய், பஞ்சலிங்க அருவியில் குளித்து, அமணலிங்கேசுவரரைக் கும்பிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைத் தின்றுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பும் பவர் டேபிள் டைலர் ஒருநாள் வருகையாளர். அவர் எந்த நோட்டிலும் இல்லை.

தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு நாள் நடை. ராத்திரி மண்டபத்திலும், பந்தலிலும், பூட்டிய கடைகளின் திண்ணையிலும் படுக்கிறார்கள். வரையறைப்படி இவர்கள் முழுமையான சுற்றுலாப் பயணிகள். இரவு தங்குகிறார்கள், வழக்கமான சூழலை விட்டு வெளியே வந்திருக்கிறார்கள், செலவும் செய்கிறார்கள். ஆனால் திண்ணைக்கு ரிசப்ஷன் கிடையாது. குலதெய்வம் கோயிலுக்கு மொட்டையடிக்கப் போய்ப் பங்காளி வீட்டில் பாய் விரித்துப் படுக்கும் குடும்பமும் இப்படித்தான். தீபாவளிக்கு மதுரைப் பக்கம், தேனிப் பக்கம் ஊருக்குப் போகும் தொழிலாளர்களும் இப்படித்தான். தமிழர்கள் அதிகம் பயணம் போகிறார்கள் என்பது உண்மை. ஆனால் லாட்ஜுக்குப் போகிறார்களா என்பது வேறு கேள்வி.

இதிலிருந்து வரும் விளைவு எளிமையானது. லாட்ஜில் எண்ணினால் லாட்ஜுக்கு ஏற்ற சுற்றுலாதான் கண்ணுக்குத் தெரியும். திட்டமும் அதற்கேற்பவே வளரும். நடப்பவனுக்கு வேண்டியது வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்றடி நடைபாதை, பத்து கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை, ராத்திரியில் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம். இவற்றைக் கேட்கும் வாய் எந்தப் படிவத்திலும் இல்லை.

3

திருப்பூர்க்காரர்களுக்கு மாதிரியெடுப்பு என்றால் என்னவென்று யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஏற்றுமதி லாட் போகுமுன் நடக்கும் கடைசி இன்ஸ்பெக்‌ஷனை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 5,000 பீஸ் லாட் என்றால் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். வழக்கமான அட்டவணைப்படி 200 பீஸ் எடுப்பார்கள். ஏ.க்யூ.எல் 2.5 என்று பேசியிருந்தால் 10 பீஸில் குறை இருக்கும்வரை லாட் பாஸ்; 11 ஆனால் ஃபெயில். 200 பீஸை வைத்து 5,000க்குத் தீர்ப்பு சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. புள்ளியியல் அதற்குத்தான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கணக்கு முழுக்க ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: எந்த அட்டைப்பெட்டியைத் திறப்பது என்று பெட்டிகளைக் கட்டியவர் சொல்லக்கூடாது. வாசலுக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், வாகாக அடுக்கி வைத்த பெட்டிகளிலிருந்து 200 எடுத்தாலும் 2,000 எடுத்தாலும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடினால் தவறு குறையும் என்பது பெட்டி சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டால் மட்டுமே உண்மை. பின்சுவரோரம் இருக்கும் பெட்டியை எடுக்கச் சொல்லும் க்யூ.சி.க்கு எந்த கம்பெனியிலும் நல்ல பெயர் கிடையாது. ஆனால் அவர் போட்ட கையெழுத்தைத்தான் பையர் நம்புவார்.

வருகையாளர் ஆய்வுகளில் 'வாசல் பெட்டி' என்பது என்ன? நட்சத்திர விடுதி, விமான நிலையம், டிக்கெட் கவுன்ட்டர், இப்போது கூகுள் மேப்ஸ் மதிப்புரை. எளிதில் பதில் கிடைக்கும் இடங்கள்.

இதற்கு உலகறிந்த ஒரு உதாரணம் பிரிட்டனில் இருக்கிறது. அங்கே 1961 முதல் சர்வதேசப் பயணியர் ஆய்வு நடக்கிறது. விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் பயணிகளை நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள், எதற்கு, எவ்வளவு நாள், எவ்வளவு செலவு என்று கேட்பார்கள். சுற்றுலாவையும் பயணச் செலவையும் அளக்கத் தொடங்கிய ஆய்வு அது. பின்னாளில் அதே ஆய்விலிருந்து நாட்டில் எத்தனை பேர் குடியேறுகிறார்கள் என்பதையும் கணித்தார்கள். 2004இல் போலந்து உள்ளிட்ட நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், அங்கிருந்து மலிவு விலை விமானங்களில் மக்கள் வந்து இறங்கியது பெரும்பாலும் சிறிய வட்டார விமான நிலையங்களில். ஆய்வாளர்களோ பெரும்பாலும் ஹீத்ரோ போன்ற பெரிய நிலையங்களில் நின்றுகொண்டிருந்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்த பிறகு சரிபார்த்ததில், பத்தாண்டுகளில் நிகரக் குடியேற்றம் சுமார் 3,46,000 குறைவாகக் கணக்கிடப்பட்டிருந்தது தெரியவந்தது. கேள்வித்தாளில் பிழை இல்லை. கேட்டவர்கள் அசடர்களும் இல்லை. நின்ற இடம் மாறிப்போயிருந்தது.

நம் பக்கத்திலும் ஒன்று. 2021-22ஆம் நிதியாண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் கட்டண நினைவுச்சின்னங்களில் வெளிநாட்டினர் அதிகம் வந்தது தாஜ் மகாலுக்கு இல்லை, மாமல்லபுரத்துக்கு என்று அமைச்சகத் தொகுப்பு சொன்னது. மாமல்லபுரம் 1,44,984, தாஜ் மகால் 38,922. பத்திரிகைகள் கொண்டாடின. கொஞ்சம் நிதானித்தால் ஆண்டு உறுத்தும். அது கொரோனா காலம். சுற்றுலா விசா மறுபடி திறந்தது 2021 கடைசியில். வழக்கமான சர்வதேச விமானங்கள் ஓடத் தொடங்கியது 2022 மார்ச் 27இல். அப்படியென்றால் வந்தவர்கள் யார்? டிக்கெட் கவுன்ட்டர் கேட்பது நாட்டுரிமையை. சுற்றுலாக் கணக்கின் சர்வதேச இலக்கணம் கேட்பதோ வசிப்பிடத்தை. ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கும் கொரியப் பொறியாளர் ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக் கோயிலுக்குப் போனால், டிக்கெட்டில் வெளிநாட்டவர். இலக்கணப்படி உள்நாட்டு வருகையாளர். அந்த 1.44 லட்சத்தில் இப்படிப்பட்டவர்கள் கணிசமாக இருந்திருக்கலாம். இருந்தார்களா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கூடுதலாக இருந்திருந்தால் சொல்லியிருக்கலாம்.

4

சரியான இடத்தில் நின்றாலும் தவறான கேள்வி கேட்க முடியும். சரியான கேள்விக்கும் பொய்ப் பதில் வரும். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாபியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். சீனர்மீது வெறுப்பு பரவலாக இருந்த காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்குக் கடிதம் போட்டு, சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டார். பதில் போட்ட 128 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் "மாட்டோம்". 1934இல் வந்த அந்தக் கட்டுரை இன்றைக்கும் சமூக அறிவியல் வகுப்புகளில் பேசப்படுகிறது. காகிதத்தில் சொல்வதும் வாசலில் ஆள் வந்து நிற்கும்போது செய்வதும் வேறு வேறு.

நம்மூரில் இது தலைகீழாக நடக்கும். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவர் கொங்கு நாட்டு அக்காவிடம் போய், "வசதியெல்லாம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "நல்லா இருந்துச்சுங்க தம்பி." அவ்வளவுதான். கேட்ட தம்பியின் மனம் நோகக்கூடாது என்பது ஒன்று. ஆபீசர் மாதிரி இருப்பவரிடம் குறை சொல்லி நமக்கென்ன ஆகப்போகிறது என்பது இன்னொன்று. ஐந்துக்கு நான்கு என்று படிவத்தில் டிக் விழும். ஆய்வாளர்கள் இதற்கு மரியாதைச் சாய்வு என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

அதே அக்காவிடம், "காலையிலிருந்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "எங்கீங்க குடிக்கறது, குடிச்சா ஒதுங்கறதுக்கு எங்க போறது?" என்று உண்மை அங்கேதான் வெளியே வரும். கழிப்பறை திருப்தியா என்ற கேள்வி கருத்தைக் கேட்கிறது. தண்ணீர் குடித்தீர்களா என்ற கேள்வி நடந்ததைக் கேட்கிறது. ஒரு பெண் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் கோயிலையும் அருவியையும் பார்த்துவிட்டு வந்தார் என்பது எந்த நட்சத்திர மதிப்பெண்ணிலும் தெரியாத தகவல். நல்ல வருகையாளர் ஆய்வு என்பது கருத்தைக் குறைவாகவும் நடத்தையை அதிகமாகவும் கேட்பது. எத்தனை மணிக்கு வந்தீர்கள், எதில் வந்தீர்கள், கடைசி பஸ்ஸுக்காக எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், பார்க்க நினைத்து எதைப் பார்க்காமல் போகிறீர்கள்.

இன்னொரு பெரிய ஓட்டை: வந்தவர்களிடம் மட்டும்தான் கேட்கிறோம். வராதவர்களுக்குப் படிவம் கிடையாது. சக்கர நாற்காலியில் இருப்பவர், படி ஏற முடியாத பாட்டி, ஞாயிறும் அரை ஷிஃப்ட் இருக்கிறவர், பஸ் இல்லை என்று கைவிட்ட குடும்பம். இவர்களைப் பிடிக்க வேண்டுமென்றால் சுற்றுலாத் தலத்தில் நின்றால் போதாது, வீட்டுக்குப் போக வேண்டும்.

அப்படி வீட்டுக்குப் போன ஆய்வுகள் நம்மிடம் உண்டு. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2008-09இல் 65வது சுற்றிலும், 2014-15இல் 72வது சுற்றிலும் நாடு முழுக்க வீடு வீடாகப் போய் உள்நாட்டுப் பயணங்களைக் கேட்டது. என் கணிப்பில் இந்தியச் சுற்றுலாவைப் பற்றி எழுதப்பட்ட மிக நேர்மையான ஆவணங்கள் இவைதான். இரவு தங்கிய பயணங்களில் பெரும்பான்மை சொந்தபந்தங்களைப் பார்க்கப் போனவை என்று அவை காட்டின. நோட்டில் இல்லாத அத்தனை பேரும் அங்கே வந்துவிட்டார்கள்.

அவற்றுக்கும் எல்லை உண்டு. 72வது சுற்றில் உல்லாசப் பயணம், வைத்தியம், ஷாப்பிங் என்றால் கடந்த 365 நாளை நினைவுபடுத்திச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் வீடு, கோயில் என்றால் கடந்த 30 நாள் மட்டும். அடிக்கடி நடப்பது சீக்கிரம் மறந்துபோகும், அரிதாக நடப்பது நினைவில் நிற்கும் என்பது இதற்கான நியாயம், சரியானதும்கூட. ஆனால் பழனிக்கு நடந்து போவதும், வழியில் அமராவதி அணையில் இறங்கி முதலைப் பண்ணை பார்ப்பதும் நமக்கு ஒரே பயணம். "பிரதான நோக்கம்" என்று ஒற்றைக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் முதலை காணாமல் போகும். இதைவிட முக்கியமானது, நாடு தழுவிய மாதிரி மாநிலத்தைப் பற்றிப் பேசும். திருமூர்த்தி மலையில் எத்தனை குழாய் வேண்டும் என்று பேசாது. ஒருபக்கம் நாட்டளவில் நுட்பமான ஆய்வு, மறுபக்கம் லாட்ஜ் நோட்டு. நடுவில், திட்டம் உண்மையில் நிறைவேறும் உள்ளூர் மட்டத்தில், வெறும் இருட்டு.

5

அந்த இருட்டில் விளக்கு ஏற்றியது, ஆச்சரியமாக, சுற்றுலாத் துறை இல்லை, நீதிமன்றம். கோடைக்காலத்தில் நீலகிரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் வருவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2024 ஏப்ரலில் நீதிபதிகள் என். சதீஷ்குமார், டி. பரத சக்கரவர்த்தி அமர்வு, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மே 7 முதல் ஜூன் 30 வரை இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. என்ன வண்டி, எத்தனை பேர், அன்றைக்கே திரும்புகிறீர்களா, தங்கினால் எங்கே என்ற விவரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னது. முதல் ஆண்டில் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கேட்ட எல்லோருக்கும் பாஸ். நோக்கம் தடுப்பது இல்லை, தெரிந்துகொள்வது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் போனது. 2025 மார்ச்சில் அடுத்த உத்தரவு: ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வாரநாளில் 6,000 வாகனங்கள், வாரக்கடைசியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு.

இ-பாஸை எரிச்சலோடு பேசுவது நம்மூரில் ஒரு பொழுதுபோக்கு. திருப்பூர் தெற்கு வண்டிகள் டிஎன் 42. நீலகிரி வண்டிகள் டிஎன் 43. ஒரு எண் வித்தியாசத்தில் ஒருவர் உள்ளூர், ஒருவர் வருகையாளர். ஆனால் ஒரு விமர்சகனாகப் பார்த்தால், தமிழ்நாட்டில் இதுவரை நடந்த வருகையாளர் ஆய்வுகளில் ஆகப் பெரியவற்றில் ஒன்று அந்த இ-பாஸ் படிவம் என்றே சொல்வேன். எல்லோரும் நிரப்பியாக வேண்டும். வாசல் பெட்டிப் பிரச்சினை இல்லை. கேட்பது கருத்தை இல்லை, நடத்தையை. முடிவு எடுப்பவரே கேள்வியையும் கேட்கச் சொன்னார். இந்த மூன்றும் ஒன்றுசேர்வது அபூர்வம்.

பிரச்சினை அலகில் இருக்கிறது. வரம்பு வாகனத்துக்கு. மலைப்பாதைதான் நெருக்கடியின் கழுத்து என்பதால் அந்த அலகு புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டு, வேன் பிடித்து, 18 பேராக ஏறும் வண்டியும், இரண்டு பேர் உட்கார்ந்து போகும் பெரிய காரும் அந்தக் கணக்கில் ஒன்று. ஆளுக்கு எவ்வளவு சாலையை அடைத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் வேன்காரர்கள் எவ்வளவோ சிக்கனம். ஆன்லைனில் முன்கூட்டியே பாஸ் எடுக்க முடிந்தவருக்கு முன்னுரிமை என்றால், சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்த பிறகுதான் ஞாயிறு எங்கே போவது என்று முடிவெடுப்பவர் வரிசையின் கடைசியில் நிற்பார். எத்தனை பேர் என்ற கேள்வி படிவத்திலேயே இருக்கிறது. பதிலும் சர்வரில் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தைப் பயன்படுத்தி, ஆள் அதிகம் ஏற்றி வரும் வண்டிக்கு முன்னுரிமை என்று மாற்றினால் மலைக்கும் நல்லது, வேனுக்கும் நல்லது. கேட்டு வாங்கிய பதிலைத் திட்டத்தில் பயன்படுத்தாமல் விடுவது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். பதில் சொன்னவர் அடுத்த முறை எதையாவது நிரப்பிவிட்டுப் போவார்.

6

இந்த மண்ணுக்கு வருகையாளர் ஆய்வு ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே வைத்திருந்தோம். போய்விட்டு வந்தவன், போகப்போகிறவனை வழியில் சந்தித்து, எப்படிப் போவது, எந்தக் குடியிருப்பில் என்ன சாப்பாடு கிடைக்கும், யார் எப்படி வரவேற்பார் என்று சொல்வது. புரவலனைப் புகழ்வதற்கு எழுதியது என்று அதைத் தள்ளிவிடலாம். ஆனால் மலைபடுகடாம் பரிசிலை மட்டும் பேசவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாறை எங்கே வழுக்கும், தினைப்புனம் காப்பவர் எறியும் கல் எங்கிருந்து வரும் என்று ஆபத்துகளையும் பட்டியல் போடுகிறது. எதிரே வருகிறவர்கள் பசித்த கூத்தர்கள், சுற்றத்தோடு வருகிறார்கள், நடந்து வருகிறார்கள் என்பதை மனதில் வைத்துச் சொன்ன தகவல் அது. இரண்டு பேரும் சந்திப்பது அரண்மனை வாசலில் இல்லை, நடுவழியில். இந்த இடத் தேர்வைத்தான் நம் சுற்றுலாத் துறை கற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் மாவட்டத்திலேயே ஒரு வாய்ப்பு கண்முன் இருக்கிறது. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கும் நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17வது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அந்த அங்கீகாரம் கூட்டத்தைக் கூட்டி வரக்கூடியது. கூட்டம் வந்தால் பார்க்கிங், கடை, பூங்கா, படகு என்று கோரிக்கைகள் வரிசை கட்டும். அதற்கு முன்னால், இப்போதே, ஒரு ஞாயிறும் ஒரு புதனும் கரையில் நின்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். யார் வருகிறார்கள், நடந்தா வண்டியிலா, பறவை பார்க்கவா காற்று வாங்கவா, எவ்வளவு நேரம். 'முன்பு எப்படி இருந்தது' என்பதை அளக்க ஒரே ஒரு தடவைதான் வாய்ப்பு கிடைக்கும். குளம் மாறிவிட்ட பிறகு பழைய குளத்தைப் பற்றி ஆய்வு நடத்த முடியாது.

அப்படி நடத்துவதாக இருந்தால் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, படிவம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால் போதாது. திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்பும் கூட்டத்தில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் பெரும் பகுதி. லாட்ஜ் நோட்டுக்கு அவர்கள் பயணிகள் இல்லை, ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அவர்கள் உள்ளூர்க்காரர்களும் இல்லை. இந்தியும் ஒடியாவும் பேசும் இரண்டு பேரைக் கேள்வி கேட்க அனுப்புவது பெரிய செலவில்லை.

இரண்டாவது, குளக்கரையில் கேட்கும் அதே வாரத்தில் நல்லூர், வேலம்பாளையம் மாதிரி பகுதிகளில் வீடுகளிலும் கேட்க வேண்டும். "போனீங்களா?" என்பதோடு நிறுத்தாமல், "ஏன் போகல?" என்றும்.

மூன்றாவது, முடிவுகளோடு சேர்த்துக் கேள்வித்தாளையும் வெளியிட வேண்டும். எத்தனை பேரைக் கேட்டார்கள், எத்தனை பேர் பதில் சொல்லாமல் நகர்ந்தார்கள், எந்த மணிக்கு, எந்தப் படித்துறையில் நின்றார்கள் என்பதோடு. 200 பீஸில் எத்தனை குறை, எந்தப் பெட்டி, யார் திறந்தது என்று எழுதாத இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை எந்த பையரும் வாங்கமாட்டார். பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு நாம் அதைவிடக் குறைவாக ஏன் கேட்க வேண்டும்?

ஆறு நாள் மெஷினில் உட்காரும் ஒருவருக்கு வருஷத்தில் கிடைப்பது 52 ஞாயிறுகள். துணி துவைக்க, ரேஷன் கடைக்கு, சொந்தக்காரர் விசேஷத்துக்கு என்று போக, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போக மிஞ்சுவது விரல் விட்டு எண்ணும் அளவு. அந்த நாளில் அவர் எங்கே போகிறார், அங்கே நிழல் இருந்ததா, திரும்பி வர பஸ் இருந்ததா என்பதுதான் சுற்றுலாத் திட்டம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. 49.49 கோடியில் அவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. இருக்கிறார் என்றால் எந்த வரிசையில் என்று காட்டட்டும். இல்லை என்றால், அடுத்த படிவத்தை அச்சடிப்பதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உடுமலை பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கட்டும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் பேசுவதற்கு நேரம் நிறையவே இருக்கும்.